தனியாக வெளிநாட்டு மலை ஏறப் போகிறவர்களுக்கு: சொதப்பலும் சமாளிப்பும்

முதல் முறை தனியாக வெளிநாடு போய் மலை ஏறுகிறவர்கள் பாறைக்கும் பனிக்கும் பள்ளத்துக்கும் பயப்படுவார்கள். சிக்கல் பெரும்பாலும் அதற்கு முன்பே, விமான நிலையத்திலேயே ஆரம்பித்துவிடும். விமானம் தாமதம், பை வேறு ஊருக்குப் போய்விட்டது, ராத்திரி தூக்கமே இல்லை, ஆனால் மறுநாள் காலை ஆறு மணிக்கு ஏறுவதாகத் திட்டம், மேலே தங்கப்போகும் குடிலுக்குப் பணமும் கட்டியாகிவிட்டது. இந்த நிலையில் "பரவாயில்லை, போய்ப் பார்த்துக்கலாம்" என்று கிளம்புகிறவர்கள்தான் நடுமலையில் மாட்டிக்கொள்கிறார்கள். கூட நாலு பேர் இருந்தால் ஒருத்தராவது "வேண்டாம், நாளைக்குப் போகலாம்" என்று இழுத்துப் பிடிப்பார். தனியாகப் போனால் அந்த ஆள் கிடையாது. அதனால் அவர் சொல்லவேண்டியதை நீங்களே முன்கூட்டி நிதானமாக யோசித்து ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எத்தனை மணிக்குத் திரும்புவேன், என்ன அறிகுறி வந்தால் இறங்குவேன், வானம் கறுத்தால் எந்த இடத்தோடு நிறுத்துவேன். மூச்சு வாங்கிக்கொண்டு, பசியோடு, சிகரம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நிற்கும்போது எடுக்கிற முடிவை நம்பாதீர்கள்.

கிளம்பும் முன்

விமானத்திலிருந்து இறங்கும் நாளுக்கும் மலை ஏறும் நாளுக்கும் நடுவில் ஒரு நாள் சும்மா விடுங்கள். விலை குறைவு என்று இரண்டு விமானங்களுக்குத் தனித்தனி டிக்கெட் எடுத்திருந்தால் இது கட்டாயம். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், பொதுவாக அந்த இரண்டாவது நிறுவனத்துக்கு உங்களை ஏற்றிவிடும் பொறுப்பு இல்லை. புது டிக்கெட் உங்கள் செலவுதான்.

பூட்ஸைக் காலில் போட்டுக்கொண்டே விமானம் ஏறுங்கள். பார்க்க அசிங்கமாக இருக்கும், இருக்கட்டும். பை தொலைந்தால் ஜாக்கெட், கோல், தூங்கும் பை எல்லாவற்றையும் மலையடிவார ஊர்களில் வாடகைக்கோ விலைக்கோ வாங்கிவிடலாம், ஆனால் உங்கள் காலுக்குப் பழகிய பூட்ஸ் எங்கேயும் கிடைக்காது, புதுசு போட்டு ஏறினால் சீக்கிரமே கொப்புளம் வந்துவிடும். மாத்திரைகளும் மழை ஜாக்கெட்டும் கைப்பையில் இருக்கட்டும். பவர் பேங்க்கும் கைப்பையில்தான், சரக்குப் பையில் வைக்கக்கூடாது. 100 வாட்-ஹவர் வரை பொதுவாகத் தனி அனுமதி தேவையில்லை, 20,000 மில்லிஆம்ப் ஹவர் என்று போட்டிருப்பது சுமார் 74 வாட்-ஹவர்தான். நடைக்கோல்களைச் சரக்குப் பையில் போட்டுவிடுங்கள். சமையல் கேஸ் குப்பியை விமானத்தில் எந்தப் பையிலும் கொண்டுபோக முடியாது, போன இடத்தில் வாங்குங்கள்.

பாஸ்போர்ட் தொலைந்தால் என்ன செய்வது என்று எல்லோரும் யோசித்து வைக்கிறார்கள்: போலீஸில் புகார், அந்த நகலோடு உங்கள் நாட்டுத் தூதரகம், அங்கே அவசரப் பயண ஆவணம். அது பல சமயம் ஊர் திரும்ப மட்டும்தான் செல்லும், அதாவது மலைப் பயணம் அதோடு முடிந்தது. பாஸ்போர்ட்டின் நகலும் இரண்டு பாஸ்போர்ட் சைஸ் படமும் தனியாக இருந்தால் ஒரு நாள் அலைச்சல் மிச்சம். ஆனால் போன் தொலைந்தால் என்ன என்று யோசிப்பவர்கள் குறைவு, இன்றைய நிலையில் அதுதான் பெரிய இடி. டிக்கெட், வரைபடம், குடில் முன்பதிவு, வங்கியின் ஓடிபி எல்லாம் அதில். ஒரு சின்னத் தாளில் வீட்டு எண், காப்பீட்டின் அவசர எண், பாலிசி எண், முன்பதிவு எண், தூதரக முகவரி ஆகியவற்றைப் பேனாவால் எழுதி, பணத்தோடு வைக்காமல் வேறு இடத்தில் வையுங்கள். இரண்டு கார்டு, இரண்டு இடம். ஊர் சிம்மில் ரோமிங் வேலை செய்கிறதா என்று கிளம்பும் முன்பே பாருங்கள், அங்கே போய் கார்டு முடங்கினால் ஓடிபி வராமல் தவிப்பீர்கள்.

காப்பீடு விஷயத்தில் கொஞ்சம் நேரம் செலவழியுங்கள், இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ஷெங்கன் விசாவுக்கு (ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான விசா) குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கேட்பார்கள், அதை வாங்கியதும் எல்லாம் ஆயிற்று என்று நினைத்துவிடுகிறோம். அந்த பாலிசியின் சின்ன எழுத்துகளைப் படித்துப் பாருங்கள்: இத்தனை மீட்டர் உயரத்துக்கு மேல் செல்லாது, மலையேற்றம் சாகச விளையாட்டில் சேரும், தேடுதலும் மீட்பும் சேராது என்று ஏதாவது ஒன்று இருக்கும். சுவிட்சர்லாந்தில் ஹெலிகாப்டர் வந்து தூக்கிப்போனால் அந்தக் கட்டணம் காப்பீடு இல்லாதவர் தலையில்தான் விழும். ஆகவே "ஹெலிகாப்டர் மீட்பு", "அதிகபட்ச உயரம்" இந்த இரண்டையும் பாலிசியில் தேடிப்பிடித்து, இல்லையென்றால் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாதையைத் தேர்ந்தெடுப்பது

"சுலபமான பாதை" என்று வீடியோவில் யாரோ சொன்னதை நம்பாமல் அந்த நாட்டின் குறியீட்டைப் பாருங்கள். சுவிஸ் பாதைகளில் மஞ்சள் குறி என்றால் சாதாரண நடைபாதை. வெள்ளை-சிவப்பு-வெள்ளைப் பட்டை மலைப்பாதை, சரிவில் கால் நிதானமும், உயரம் கண்டு தலைசுற்றாத தன்மையும் வேண்டும். வெள்ளை-நீலம்-வெள்ளை என்றால் பனிப்பரப்பு, பாறை ஏற்றம் எல்லாம் வரலாம், முதல் முறை தனியாகப் போகிறவருக்கு அந்தப் பக்கமே வேலை இல்லை. அங்குள்ள மஞ்சள் பலகைகளில் போட்டிருக்கும் நேரம் ஓய்வே இல்லாமல் நடக்கும் நேரம். படம் எடுப்பது, சாப்பிடுவது, பூட்ஸ் கயிறு கட்டுவது எதுவும் அதில் சேராது.

நேரத்தை நீங்களே கணக்குப் போட ஒரு பழைய வழி இருக்கிறது. 1892-இல் வில்லியம் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சொன்னது: மணிக்கு சுமார் 5 கிலோமீட்டர், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம் கூடுதல். 12 கிலோமீட்டர் தூரமும் 900 மீட்டர் ஏற்றமும் உள்ள பாதை என்றால் கிட்டத்தட்ட நாலு மணி நேரம் வரும். அது நல்ல பழக்கம் உள்ளவரின் வேகம். புதியவர், முதுகில் பை, தெரியாத ஊர் என்றால் பாதியைக் கூட்டி ஆறு மணி நேரமாக வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். ஏழு மணிக்கு இருட்டும் என்றால் ஐந்துக்குக் கீழே இருக்கவேண்டும், இறங்க இரண்டரை மணி நேரம் ஆகும் என்றால் மதியம் இரண்டரைக்குத் திரும்பியாகவேண்டும். சிகரம் இன்னும் இருபது நிமிடம்தான் என்றாலும் இரண்டரை என்றால் இரண்டரைதான். இந்த ஒரு எண்ணைக் கையில் பேனாவால் எழுதிக்கொண்டாலும் தப்பில்லை.

விதிமுறைகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன, பழைய பயணக் குறிப்பைப் படித்துவிட்டுப் போய் வாசலில் நிற்காதீர்கள். நேபாளம் 2023 ஏப்ரல் முதல் மலைநடைப் பயணிகளுக்கு உரிமம் பெற்ற வழிகாட்டி வேண்டும் என்று அறிவித்தது, நடைமுறை பகுதிக்குப் பகுதி வேறுபடுகிறது. மலேசியாவின் கினபாலுவில் (4,095 மீட்டர்) வழிகாட்டி இல்லாமல் விடவே மாட்டார்கள்.

ஜப்பானின் ஃபூஜி (3,776 மீட்டர்) இன்னும் நல்ல உதாரணம். ராத்திரி முழுக்கத் தூங்காமல் ஒரே மூச்சில் ஏறி சூரியோதயம் பார்த்துவிட்டு இறங்குகிறவர்களால் தொல்லை அதிகமாகி, 2025-இல் நாலு பாதைகளுக்கும் 4,000 யென் கட்டணம் வைத்தார்கள், குடிலில் இடம் பதிவு செய்யாதவர்களுக்கு மதியம் 2 முதல் அதிகாலை 3 வரை கதவு அடைப்பு. இது சரியான ஏற்பாடு என்பேன், தூக்கமில்லாமல் அந்த உயரத்துக்கு ஓடுவதில் என்ன சுகம் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. ஃபூஜியில் இன்னொரு பிரபலமான சொதப்பல் இறங்கும்போது நடக்கும். யோஷிதா பாதையும் சுபாஷிரி பாதையும் எட்டாம் நிலையம் (மலைப்பாதையில் உள்ள நிறுத்தங்களில் ஒன்று) அருகே பிரிகின்றன, களைப்பில் முன்னால் போகிறவரைப் பின்தொடர்ந்து இறங்கினால் மலையின் வேறு பக்கத்தில், உங்கள் பேருந்தும் பையும் இல்லாத இடத்தில் போய் நிற்பீர்கள். யோஷிதாவுக்கு மஞ்சள் பலகை, சுபாஷிரிக்குச் சிவப்பு, கோதெம்பாவுக்குப் பச்சை, ஃபூஜினோமியாவுக்கு நீலம். ஏறும்போதே உங்கள் நிறம் எது என்று மனசில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த மலையானாலும் ஒவ்வொரு பிரிவிலும் திரும்பி நின்று ஒரு படம் எடுங்கள், இறங்கும்போது கண்ணுக்குத் தெரியப்போவது அந்தக் கோணம்தான்.

உயரம்

2,500 மீட்டரைத் தாண்டினால், காற்றில் ஆக்சிஜன் குறைவதால் வரும் உயர நோய் யாருக்கும் வரலாம். தினமும் ஓடுகிறவர், ஜிம் போகிறவர் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. உண்மையில் இளைஞர்கள்தான் வேகமாக ஏறிவிட்டு மாட்டிக்கொள்கிறார்கள். 3,000 மீட்டருக்கு மேல் போனதும், தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் இரண்டு ராத்திரி தங்குங்கள். எவரெஸ்ட் அடிவார முகாமுக்குப் (5,364 மீட்டர்) போகிறவர்கள் வழியில் உள்ள நாம்சேயிலும் (3,440) திங்போசேயிலும் (4,410) கூடுதலாக ஒரு நாள் இருப்பது இதனால்தான். பகலில் இன்னும் மேலே ஏறிப் பார்த்துவிட்டுக் கீழே வந்து தூங்கலாம், அது நல்லதுதான்.

தலைவலியோடு குமட்டல், பசியின்மை, அசதி, தலைசுற்றல் இவற்றில் ஏதாவது சேர்ந்தால் அதற்கு மேல் ஏறக்கூடாது. சரியாகாவிட்டால் இறங்கவேண்டும். ஒரு கோட்டில் குதிகாலும் விரலும் ஒட்ட நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, இருமலில் நுரை வந்தாலோ அது உயிருக்கு ஆபத்து, நடுராத்திரியானாலும் துணையோடு உடனே இறங்கவேண்டும். அசெட்டசோலமைடு என்ற மாத்திரையை முன்தடுப்பாகச் சாப்பிடுகிறவர்கள் உண்டு, டாக்டரிடம் கேட்காமல் வேண்டாம், சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மதுவும் தூக்க மாத்திரையும் அந்த உயரத்தில் வேண்டவே வேண்டாம்.

தனியாகப் போகிறவருக்கு இதில் ஒரு கூடுதல் ஆபத்து: நோய் முற்றினால் புத்தி முதலில் குழம்பும், தனக்கு என்ன ஆகிறது என்றே தெரியாது. ஆகவே தலைவலி ஆரம்பித்த ராத்திரியே விடுதிக்காரரிடமோ பக்கத்துப் படுக்கைக்காரரிடமோ வாய்விட்டுச் சொல்லுங்கள், "எனக்கு உடம்பு சரியில்லை, காலை ஆறு மணிக்கு எழாவிட்டால் வந்து எழுப்புங்கள்" என்று. கூச்சமாக இருக்கும். ஆனால் மலைக் குடில்களில் இதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

பாதையில்

ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக ஆறரை டிகிரி குறையும், காற்றும் ஈரமும் சேர்ந்தால் இன்னும் மோசம். பருத்தி டீ-ஷர்ட் வியர்வையில் நனைந்தால் காயாது. கம்பளி அல்லது செயற்கை இழை போடுங்கள், காய்ந்த ஒரு செட் பிளாஸ்டிக் உறையில் இருக்கட்டும். கோடையில் ஆல்ப்ஸ் பக்கம் இடிமழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் வரும், விடிந்ததும் கிளம்பி மதியத்துக்குள் மலைமுகட்டை விட்டு இறங்கிவிடுவது அங்குள்ளவர்கள் வழக்கம். இடி கேட்டுவிட்டால் முகடு, தனி மரம், இரும்புக் கம்பி கட்டிய பாதை மூன்றையும் விட்டு விலகுங்கள்.

வழி தவறினால் முதலில் நில்லுங்கள். உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள். கடைசியாகக் குறி பார்த்த இடத்துக்கு வந்த வழியே திரும்புங்கள். ஓடையைப் பிடித்துக் கீழே போனால் ஊர் வரும் என்பார்கள், மலையில் அந்த ஓடை அருவியாக விழும் இடத்தில் கொண்டுபோய் விடும். வரைபடத்தை முன்பே இறக்கி வைத்திருந்தால் சிக்னல் இல்லாமலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், போனை விமானப் பயன்முறையில் போட்டு, குளிரில் பேட்டரி இறங்காமல் இருக்க உடம்போடு ஒட்டிய பையில் வையுங்கள். பகல்நேரப் பயணமானாலும் தலைவிளக்கு, விசில், ஒரு ஃபாயில் போர்வை (உடம்புச் சூட்டைக் காக்கும் மெல்லிய பளபளப்பான போர்வை) மூன்றும் பையில் இருக்கட்டும். கால் சுளுக்கினால் பூட்ஸைக் கழற்றாதீர்கள், வீங்கிவிட்டால் மறுபடி போட முடியாது. கயிற்றை இறுக்கிக் கட்டிக் கோலை ஊன்றி நடக்க முடிகிறதா என்று பாருங்கள்.

முடியவில்லையா, உதவி கேளுங்கள், இருட்டும் வரை காத்திருக்காமல். ஐரோப்பாவில் 112, நியூசிலாந்தில் 111, ஜப்பானில் ஆம்புலன்ஸுக்கு 119. உங்கள் நெட்வொர்க் இல்லாவிட்டாலும் வேறு நிறுவனத்தின் கோபுரம் வழியாக 112 போகக்கூடும், அடித்துப் பாருங்கள். பேச வழியே இல்லை என்றால் விசிலோ விளக்கோ ஒரு நிமிடத்துக்கு ஆறு முறை, ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. ஆல்ப்ஸில் இதுதான் அபாய அறிவிப்பு, பதில் நிமிடத்துக்கு மூன்று முறை வரும். ஹெலிகாப்டர் தெரிந்தால் இரண்டு கைகளையும் மேலே தூக்கினால் உதவி வேண்டும் என்று பொருள், ஒரு கை மேலே ஒரு கை கீழே என்றால் வேண்டாம். ஆர்வத்தில் ஒரு கையை ஆட்டி டாடா காட்டிவிடாதீர்கள். ஐபோன் 14 முதல் சில நாடுகளில் சாட்டிலைட் வழியாக அவசரச் செய்தி அனுப்பலாம். தனி சாட்டிலைட் கருவி வாங்குவதாக இருந்தால், இந்தியா உட்பட சில நாடுகளில் அனுமதி இல்லாமல் அதை வைத்திருந்தாலே வழக்கு வரும், வழியில் விமானம் மாறும் நாட்டையும் சேர்த்து விசாரியுங்கள்.

ஊரில் ஒருவரிடம் ஒவ்வொரு நாள் காலையும் மூன்று விஷயம் அனுப்புங்கள்: எந்தப் பாதை, எத்தனை மணிக்குக் கீழே வருவேன், எத்தனை மணி வரை செய்தி வராவிட்டால் எந்த எண்ணைக் கூப்பிடவேண்டும். மூன்றாவது இல்லாவிட்டால் முதல் இரண்டும் வீண், அவர் ராத்திரி முழுக்கக் கவலைப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் வீட்டிலிருந்து 112 அடித்தால் அது அவர் ஊர் அவசர உதவிக்குத்தான் போகும், அதனால் அந்த மலைப்பகுதி போலீஸ் அல்லது மீட்புக் குழுவின் முழு எண்ணை நாட்டுக் குறியீட்டோடு கொடுங்கள். குடிலில் பதிவேடு இருந்தால் அடுத்து எங்கே போகிறீர்கள் என்று எழுதுங்கள். திட்டம் மாறினால், பதிவு செய்த குடிலுக்குப் போன் பண்ணி வரவில்லை என்று சொல்லிவிடுங்கள், நீங்கள் ஊரில் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது மேலே உங்களைத் தேட ஆள் கிளம்பியிருக்கலாம். கீழே இறங்கியதும் வீட்டுக்குச் செய்தி அனுப்பிவிடுங்கள், போன் செத்துக் கிடந்தால் முதலில் தென்படும் கடையிலோ விடுதியிலோ கேட்டு வாங்கியாவது.