பழைய அமரர் ஊர்தி வாங்குகிறீர்களா? முதலில் பின்பாதியைப் பாருங்கள்

அமெரிக்காவில் பழைய அமரர் ஊர்திகளையும் ஆம்புலன்ஸ்களையும் தேடிப்பிடித்துச் சீரமைப்பவர்கள் சிறிய கூட்டம்தான், ஆனால் விடாப்பிடியான கூட்டம். 1976 முதல் புரொஃபஷனல் கார் சொசைட்டி என்று தனிச் சங்கமே வைத்திருக்கிறார்கள். புதிதாக இதில் இறங்குபவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை, இந்த வண்டியை நீளமான ஒரு கேடிலாக் கார் என்று நினைப்பதிலிருந்தே தொடங்குகின்றன.

இந்த வண்டிக்குத் தயாரிப்பாளர்கள் இரண்டு பேர். கேடிலாக் நிறுவனம் நீட்டி வலுவாக்கிய சேஸியை, அதாவது அடிச்சட்டத்தை, என்ஜினோடும் முன்பக்கத் தகடுகளோடும் அனுப்பியது. அதன்மேல் கூரை, பக்கங்கள், கண்ணாடிகள், பின்கதவு, உள்வேலை எல்லாவற்றையும் கட்டியது வேறு பட்டறைகள். பிக்வாவில் மில்லர்-மீட்டியர், லைமாவில் சுப்பீரியர், சின்சினாட்டியில் ஹெஸ் அண்ட் ஐசன்ஹார்ட் என்று பெரிய பெயர்கள் பல ஒஹாயோ மாநிலத்தில்தான் இருந்தன. அங்கே வேலை பெரும்பாலும் கைவேலை, எண்ணிக்கையும் குறைவு.

அதனால் என்ன ஆகிறது? உதாரணமாக, 1959 மாடல் வண்டியில் இருக்கும் 390 கன அங்குல வி8 என்ஜின் அந்த ஆண்டின் சாதாரண கேடிலாக்கிலும் உண்டு. பாகம் வேண்டுமென்றால் போன் செய்தாலே வந்துவிடும். பின்பக்கத்து வளைந்த கண்ணாடி ஒன்று உடைந்தால் அப்படிக் கிடைக்காது. அதே பட்டறை, அதே காலத்தில் கட்டிய இன்னொரு வண்டி எங்காவது பழைய இரும்புக் கடையில் கிடக்க வேண்டும். ஆனால் வாங்கப் போகிறவர்கள் என்ஜின் சத்தத்தை அரை மணி நேரம் கேட்டுவிட்டு, பின்கதவை ஒருமுறை திறந்து மூடி, சரி என்று முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். நேரத்தை மாற்றிச் செலவழியுங்கள். என்ஜின் ஓடாவிட்டாலும் பரவாயில்லை, பின்பாதி முழுசாக இருந்தால் அந்த வண்டியைத் தைரியமாக எடுக்கலாம்.

தோல் போன்ற வினைல் உறை ஒட்டிய கூரை என்றால் இன்னும் கவனம் வேண்டும். தையல் ஓரத்தில் நுழைந்த நீர் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி, தகட்டை மேலிருந்து அரிக்கும். வெளியே பளபளப்பாகத் தெரியும் கூரையில் சிறு கொப்புளங்கள் இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணாடிச் சட்டத்தை ஒட்டிக் கட்டைவிரலால் அழுத்துங்கள். நறநறவென்று உதிர்கிற மாதிரி இருந்தால் கீழே துருதான். அவ்வளவு நீளக் கூரைத் தகட்டைப் புதிதாக அடித்து விற்பவர் யாரும் இல்லை. மேலே புது வினைல் ஒட்டி மறைத்து விற்பது பழைய தந்திரம்.

‘ஓடிய மைல் குறைவு’ என்ற வார்த்தையிலும் மயங்க வேண்டாம். அமரர் ஊர்தி ஊர்வல வேகத்தில் நகர்ந்து, மீதி நாளெல்லாம் கொட்டகையில் நின்ற வண்டி. ஓட்டம் குறைந்தால் பிரேக் ரப்பர்கள் காயும், எரிபொருள் தொட்டியில் துரு சேரும், ரேடியேட்டர் அடைத்துக்கொள்ளும். டயர் புதிதாகத் தெரிந்தாலும் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத் தேதியைப் படித்துவிடுங்கள்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. அப்புறம் கொட்டகையை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். வண்டி சுமார் 21 அடி நீளம்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, அமரர் ஊர்தியாகவும் ஆம்புலன்ஸாகவும் மாறும் இரட்டைப் பயன் வண்டிகளுக்கு நேரும் கதி. 1970கள் வரை அமெரிக்காவின் பல சிற்றூர்களில் ஆம்புலன்ஸ் ஓட்டியவர்கள் இறுதிச்சடங்கு நிலையத்தார்தான். ஒருவரைப் படுக்கவைத்துக் கொண்டுபோகும் அளவுக்கு நீளமான வண்டி ஊரில் அவர்களிடம் மட்டுமே இருந்தது. அதற்காகவே கட்டிய வண்டிகளில் சவப்பெட்டி உருளும் உருளைகள் தரைப் பலகையோடு சேர்ந்து புரளும். புரட்டினால் ஸ்ட்ரெச்சருக்கான சமதளம். உதவியாளரின் இருக்கை மடங்கி மறையும், கூரை விளக்கைக் கழற்றி வைத்துவிடலாம். இப்படியொரு வண்டியை வாங்கி, ‘ஆம்புலன்ஸ் ஆக்குகிறேன்’ என்று உருளைகளைப் பிடுங்கி எறிபவர்கள் அந்த ஊர்களின் வரலாற்றையே பிடுங்கி எறிகிறார்கள். அடையாளம் தெரியாத ஓர் இரும்புத் துண்டு கிடைத்தால்கூட ஒரு டப்பாவில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள்.

ஸ்டிக்கர் ஒட்டுவதிலும் காலம் தவறக்கூடாது. 1959 ஆம்புலன்ஸில் ஆறு கரங்கள் கொண்ட நீல நட்சத்திரத்தை ஒட்டியிருப்பார்கள். அந்தச் சின்னம் வந்ததே 1973-இல். 911 என்று எழுதுவதும் அப்படித்தான்: அந்த அவசர உதவி எண்ணில் முதல் அழைப்பு போனது 1968-இல், அலபாமாவின் ஹேலிவில்லில். செஞ்சிலுவைச் சின்னமோ சட்டப் பாதுகாப்பு உள்ளது, நினைத்தபடி வரையக்கூடாது. வண்டி ஓடிய ஊரின் பழைய புகைப்படம் ஒன்றைத் தேடி, அதில் என்ன எழுதியிருந்ததோ அதையே எழுதுங்கள்.

காகிதங்களைப் பார்க்காமல் கதையை நம்பி வாங்குவது இன்னொரு பெரிய தவறு. 2011 ஜனவரியில் அரிசோனாவில் ஒரு 1963 பாண்டியாக் ஆம்புலன்ஸ், அதிபர் கென்னடியின் உடலை விமானத்தளத்திலிருந்து ஏற்றிச் சென்றது என்று சொல்லி ஏலத்துக்கு வந்தது. ஏலம் போன விலை 1,20,000 டாலர். ஆனால் அசல் வண்டியை 1986-லேயே நசுக்கிவிட்டார்கள் என்று ஆவணங்களைக் காட்டிச் சேகரிப்பாளர்கள் ஏலத்துக்கு முன்பே கேள்வி எழுப்பியிருந்தார்கள். அவ்வளவு புகழ்பெற்ற வண்டிக்கே இந்த நிலை என்றால், ‘எங்கள் ஊர் மேயரைச் சுமந்த வண்டி’ என்பதைச் சும்மா ஏற்க முடியுமா? கேடிலாக்கின் சேஸி எண் வேறு, பட்டறையின் சிறு தகட்டில் இருக்கும் பாடி எண் வேறு. இரண்டையும் பதிவுச் சான்றோடு ஒப்பிடுங்கள். பெயின்ட் அடிக்கும்போது அந்தத் தகடு தொலைந்துபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, சைரன். ஃபெடரல் க்யூ வகை மோட்டார் சைரன் சுற்றும்போது 100 ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் இழுக்கும், தொடங்கும் நொடியில் அதைவிட அதிகம். அதைப் பழைய ஒயரில் ஒட்டுப்போட்டு இணைத்தால் தீப்பிடிக்கும். பேட்டரியிலிருந்து தனியாகத் தடித்த கேபிள் இழுத்து, பேட்டரி பக்கத்திலேயே ஃபியூஸும் சைரனுக்கென்று கனமான ரிலேயும் வையுங்கள். சாலையில் ஓட்டும்போது சிவப்பு விளக்குகளை மூட வேண்டுமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும் சட்டம். முதல் ஓட்டத்துக்கு முன்பே உள்ளூர் போலீஸிடம் கேட்டுவிடுங்கள்.