எப்போதாவது கோல்ஃப் ஆடுபவர் குறைந்த செலவில் மட்டை வாங்குவது எப்படி

மாதம் ஒருமுறையோ, விடுமுறைக்கு ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகும்போது மட்டுமோ கோல்ஃப் ஆடுபவர்கள் மட்டை வாங்கப் புறப்பட்டால், எந்த நிறுவனத்தின் மட்டை நல்லது என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். அதற்கு முன்பே தீர்மானிக்க வேண்டியது, எத்தனை மட்டைகள் தேவை என்பது. ஓர் ஆட்டக்காரர் 14 மட்டைகள் வரை வைத்துக்கொள்ளலாம் என்று விதி அனுமதிக்கிறதே தவிர, 14 இருந்தே தீர வேண்டும் என்று அது சொல்லவில்லை. சிலர் இருபத்தைந்து, முப்பது மட்டைகளைக் கேடி எனப்படும் பை சுமக்கும் உதவியாளரின் தோளில் ஏற்றிக்கொண்டு மைதானத்துக்கு வந்த காலத்தில், அதைக் கட்டுப்படுத்துவதற்காக 1930களின் இறுதியில் விதிக்கப்பட்ட உச்சவரம்பு அது. எப்போதாவது ஆடுபவருக்கு ஏழு மட்டைகள் போதும். மலிவான கடையைத் தேடி அலைவதால் மிச்சமாகும் பணத்தைவிட, தேவையில்லாத மட்டைகளை வாங்காமல் விடுவதால் மிச்சமாகும் பணமே அதிகம்.

ஏழு ஏன் போதும் என்பதற்குத் தூரக் கணக்கே காரணம். மெலிந்த உலோகத் தலை கொண்ட அயர்ன் மட்டைகளில் எண் கூடக் கூடத் தூரம் குறையும்; அடுத்தடுத்த இரு எண்களுக்கு இடையே பந்து செல்லும் தூரம் ஏறத்தாழ 10 கஜம் வேறுபடும். தினமும் பயிற்சி செய்பவருக்கு அந்த 10 கஜம் பொருள் உள்ளது. எப்போதாவது ஆடுபவர் ஒரே ஏழாம் எண் அயர்னால் பத்துப் பந்துகளை அடித்தால், மட்டையின் நடுவில் பட்டதற்கும் விளிம்பில் பட்டதற்கும் இடையே இருபது, முப்பது கஜம் வேறுபாடு வந்துவிடுகிறது. அவரிடம் ஆறும் எட்டும் கூடுதலாக இருப்பதால் ஆட்டத்தில் எந்த மாற்றமும் வராது. ஆகவே நெடுந்தூரத்துக்குத் தலை பெருத்த ஐந்தாம் எண் வுட், வுட்டும் அயர்னும் கலந்த ஐந்தாம் எண் ஹைப்ரிட், ஏழு மற்றும் ஒன்பதாம் எண் அயர்ன்கள், குறுந்தூரத்துக்குப் பந்தை உயர எழுப்பும் பிட்சிங் வெட்ஜ், மணலுக்கான சாண்ட் வெட்ஜ், குழிக்குள் பந்தை உருட்டும் பட்டர் என்ற ஏழையும் கொண்டு தொடங்கலாம். இடைப்பட்ட தூரம் வந்தால் கூடுதல் தூரம் போகும் மட்டையைச் சற்றுக் கீழே பிடித்து அளவாக அடித்துக்கொள்ளலாம்.

முதல் அடியில் பந்தை வெகுதூரம் அனுப்பும் டிரைவர் இந்தப் பட்டியலில் இல்லாதது பலருக்கு மனக்குறையாக இருக்கும். டிரைவர்தான் பையிலேயே மிக நீளமான மட்டை. சுமார் 45 அங்குலம் வரும். பந்தில் படும் முகத்தின் சாய்வு மிகக் குறைவு என்பதால் பந்து பக்கவாட்டில் வளைந்து போவதும் அதில்தான் அதிகம். சுமார் 18 டிகிரி சாய்வும் இரண்டு, மூன்று அங்குலம் குறைந்த நீளமும் கொண்ட ஐந்தாம் எண் வுட்டால், முதல் அடிக்குப் பந்தை வைக்கும் டீயிலிருந்து அடித்தால், தூரத்தில் கொஞ்சம் இழந்தாலும் பந்து புல்லைக் குட்டையாக வெட்டிய ஃபேர்வேயில் கிடக்கும் வாய்ப்பு அதிகம். அப்படியும் டிரைவர் வேண்டும் என்பவர் பழையதை வாங்கட்டும். 2024இல் அமெரிக்காவில் முன்னணி நிறுவனங்களின் புதிய டிரைவர்கள் 599 டாலருக்கு வந்தன, பழையதோ அதில் சிறு பங்கு விலைக்குக் கிடைக்கிறது. இதில் ஏமாற்றம் ஒன்றுமில்லை. டிரைவர் தலையின் கன அளவு 460 கன சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது என்றும், முகம் பந்தைத் துள்ளவைக்கும் விசைக்கு ஓர் எல்லை உண்டு என்றும் விதிகள் இருபது ஆண்டுகளாக வரம்பு கட்டியுள்ளன. நிறுவனங்கள் அந்த எல்லையை எப்போதோ தொட்டுவிட்டதால், 2017இல் வந்த பிங் ஜி400 போன்ற ஒரு டிரைவருக்கும் இந்த ஆண்டுப் புதுவரவுக்கும் இடையே உள்ள வேறுபாடு, எப்போதாவது ஆடுபவர் கையில் தெரியும் அளவுக்கு இருக்காது. விளம்பரங்கள் ஆண்டுதோறும் பதினைந்து கஜம் கூடியதாகச் சொல்வதை எல்லாம் கூட்டிப் பார்த்தால், இந்நேரம் பந்து அடுத்த ஊரில் விழுந்திருக்க வேண்டும். சாய்வு மட்டும் 10.5 டிகிரிக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 12 டிகிரி இன்னும் நல்லது.

அயர்ன்களில் பார்க்க வேண்டியது மட்டையின் முதுகுப்புறம். பின்பக்கம் குழிவாக இருந்து, எடை விளிம்புகளுக்குத் தள்ளப்பட்டிருந்தால் அது கேவிட்டி பேக். பின்பக்கம் தட்டையாக, கத்திபோல் மெலிந்திருந்தால் அது பிளேடு. எடை விளிம்பில் இருக்கும்போது, பந்து நடுவிலிருந்து விலகிப் பட்டாலும் தலை அதிகம் திரும்புவதில்லை, தூரமும் அதிகம் குறைவதில்லை. பிங் நிறுவனத்தைத் தொடங்கிய பொறியாளர் கார்ஸ்டன் சோல்ஹைம் இந்த வடிவத்தைப் பரவலாக்கினார். பழைய மட்டைகள் விற்குமிடத்தில் பளபளக்கும் பிளேடு ஒன்று குறைந்த விலைக்குக் கிடைத்தாலும் அதைத் தொடவேண்டாம்; அடிக்கத் தெரிந்தவருக்கே அது சரிவரும். தலை வார்ப்பா, அடித்துச் செய்ததா என்பதைப் பற்றியும் இந்த நிலையில் கவலைப்படத் தேவையில்லை. வார்ப்பு மலிவு, அதுவே போதும். மூன்று, நான்காம் எண் அயர்ன்கள் செட்டோடு இலவசமாக வந்தாலும் வீட்டில் வைத்துவிட்டு, அவற்றின் வேலையை ஹைப்ரிட்டுக்குக் கொடுங்கள்.

பழைய மட்டையையும் புதிய மட்டையையும் கலந்து வாங்குபவர்கள் வழக்கமாக மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. மட்டையில் பொறித்திருக்கும் எண்ணுக்கு இத்தனை டிகிரி சாய்வு என்று எந்த விதியும் இல்லை. நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய பிட்சிங் வெட்ஜின் சாய்வு 50 டிகிரியை ஒட்டி இருந்தது. தூரம் அதிகம் போவதாகக் காட்டி விற்க வேண்டும் என்பதற்காக நிறுவனங்கள் சாய்வைக் குறைத்துக்கொண்டே வந்து, இன்றைய செட்டுகள் பலவற்றில் அது 43 அல்லது 44 டிகிரியில் நிற்கிறது. அப்படிப்பட்ட செட்டோடு 56 டிகிரி சாண்ட் வெட்ஜைச் சேர்த்தால் இடையில் 12 டிகிரி இடைவெளி விழும். எண்பது, தொண்ணூறு கஜத்தில் எதை எடுப்பது என்று தெரியாமல் நிற்க வேண்டியதாகிவிடும். எனவே வாங்கும் செட்டின் சாய்வுப் பட்டியலை நிறுவனத்தின் தளத்தில் பார்த்துக்கொண்டு, பிட்சிங் வெட்ஜ் 46 அல்லது 47 டிகிரியாக இருந்தால் 54 அல்லது 56 டிகிரி சாண்ட் வெட்ஜையும், 43 டிகிரியாக இருந்தால் 52 டிகிரி வெட்ஜையும் சேர்ப்பது சரியாக இருக்கும். சாண்ட் வெட்ஜின் அடிப்பகுதி எவ்வளவு புடைத்திருக்கிறது என்பதைக் குறிக்கும் பவுன்ஸ் என்ற அளவும் உண்டு. புடைப்பு அதிகமானால் மணலில் நன்றாக வழுக்கிச் செல்லும், ஆனால் கோடையில் இறுகிப்போன தரையில் துள்ளிப் பந்தின் வயிற்றில் இடிக்கும். நம் பக்கத்துத் தரைகளுக்கு 10 டிகிரி அளவிலான நடுத்தரப் புடைப்பு பாதுகாப்பானது.

தண்டு பற்றிக் கடைக்காரர்கள் நிறையப் பேசுவார்கள். எஃகுத் தண்டு விலை குறைவு, எடை கூடுதல்; கிராஃபைட் தண்டு எஃகைவிடப் பல கிராம் இலேசு என்பதால் வயதானவர்களுக்கும், மணிக்கட்டு அல்லது முழங்கை வலி உள்ளவர்களுக்கும், பெண்கள் பலருக்கும் ஏற்றது. தண்டின் வளைவுத்தன்மையை, அதிகம் வளைவதிலிருந்து விறைப்பானது வரை, ஏ, ஆர், எஸ் என்ற எழுத்துகளால் குறிப்பார்கள். ஏழாம் எண் அயர்னில் நன்றாகப் பட்ட பந்து 130 முதல் 150 கஜம் போகிறவருக்கு ஆர் பொருந்தும். அதற்குக் குறைந்தால் ஏ, கூடினால் எஸ். ஆனால் ஒரு நிறுவனத்தின் ஆர் இன்னொன்றின் எஸ் போல விறைப்பாக இருப்பதும் உண்டு, இதற்குப் பொது அளவுகோல் கிடையாது. எழுத்தைப் பார்த்து வாங்குவதைவிடப் பயிற்சித் திடலில் பத்துப் பந்து அடித்துப் பார்த்து வாங்குவதே மேல்.

உயரம் குறைந்தவர்கள் இன்னொன்றைச் சோதிக்க வேண்டும். பெரும்பாலான மட்டைகள் மேல்நாட்டு ஆண்களின் சராசரி உயரத்தை மனத்தில் வைத்துச் செய்யப்படுகின்றன. ஐந்தடி நான்கு, ஐந்து அங்குலம் உள்ளவர் அதைத் தரையில் வைத்து நின்றால், மட்டைத் தலையின் வெளிநுனி தரையிலிருந்து எழும்பி நிற்கும். வலக்கைக்காரர் அடிக்கும் பந்து அதனால் இடப்பக்கம் விலகும். பந்தின் பின்புறம் அழியும் மார்க்கரால் செங்குத்தாகத் தடித்த கோடு ஒன்றைப் போட்டு, அந்தக் கோடு மட்டையின் முகத்தைப் பார்த்திருக்கும்படி வைத்து அடியுங்கள். முகத்தில் பதியும் கோடு நேராக இருந்தால் கோணம் சரி, சாய்ந்திருந்தால் சரியில்லை. அரை அங்குலம் கீழே பிடித்தாலே சிலருக்கு இது சரியாகிவிடும். அப்படியும் சாய்ந்தால், மட்டை பழுதுபார்ப்பவரிடம் ஒன்றிரண்டு டிகிரி வளைத்துத் தரச் சொல்லலாம்.

பட்டருக்குத்தான் நேரம் செலவழிக்க வேண்டும், பணம் அல்ல. 18 குழிகளையும் பந்தை 72 முறை அடித்து முடிக்க வேண்டிய மைதானத்தில் ஒரு குழிக்கு இரண்டு வீதம் 36 அடிகள் பட்டருக்கென்றே கணக்கில் உள்ளன. இருந்தும் பலர் டிரைவரை அரை நாள் ஆராய்ந்துவிட்டுப் பட்டரைப் பத்து நிமிடத்தில் எடுத்துவிடுகிறார்கள். பட்டரின் முகத்துக்குத் தேய்மானம் மிகக் குறைவு என்பதால் பதினைந்து ஆண்டுப் பழையதும் புதியதற்கு ஈடாக வேலை செய்யும். 1966இல் பிங் கொண்டுவந்த ஆன்சர் என்ற பட்டரின் வடிவத்தை ஏறக்குறைய எல்லா நிறுவனங்களும் இன்றும் செய்கின்றன. பெயர் தெரியாத ஒரு நிறுவனத்தின் ஆன்சர் வடிவப் பட்டர்கூடக் குறை சொல்ல முடியாததாக இருக்கும். குனிந்து நிற்கும்போது கண் பந்துக்கு நேர்மேலே அல்லது சற்று உள்ளே வருமாறும், கைகள் தோளிலிருந்து இயல்பாகத் தொங்குமாறும் நீளம் அமைய வேண்டும். பெரும்பாலோருக்கு 33 அல்லது 34 அங்குலம் போதும். கடைகளில் நிற்பவை பெரும்பாலும் 35 அங்குலம்.

புதிதாகவே வாங்க விரும்புபவர்களுக்கு, டெகாத்லான் கடைகளின் இனெசிஸ் வகை போன்ற தொடக்கநிலை மட்டைகள் நேர்மையான தேர்வு. தனித்தனியாக வாங்க முடிவதால் ஏழு மட்டைத் திட்டத்துக்கும் அது ஒத்துவரும். பன்னிரண்டு மட்டைகளும் பையும் சேர்ந்த முழு செட்டுகளில் பாதியைப் பயன்படுத்தப் போவதில்லை என்பதை விலையைப் பார்க்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள். பழையதை வாங்க முதலில் விசாரிக்க வேண்டிய இடம் மைதானத்தில் உள்ள ப்ரோ ஷாப் என்ற கடையும் கேடிகளும். எந்த உறுப்பினர் மட்டையை மாற்றப் போகிறார், எந்தச் செட் இரண்டே ஆட்டத்தோடு தூசி படிந்து கிடக்கிறது என்பது கேடிகளுக்கு அத்துப்படி. வெளிநாட்டில் உறவினர் இருந்தால் அதுவும் ஒரு வழி. அமெரிக்காவில் கேலவே நிறுவனமே பழைய மட்டைகளைப் பரிசோதித்துத் தரம் பிரித்து விற்கிறது. கொண்டுவருபவர் ரசீதைக் கையில் வைத்திருக்கட்டும்.

பழைய அயர்ன் செட்டை வாங்கும்போது எல்லாவற்றையும் சுவரோரம் வரிசையாக நிறுத்திப் பாருங்கள். ஒவ்வொன்றும் அடுத்ததைவிட அரை அங்குலம் குறைந்துகொண்டே படிக்கட்டாக இறங்க வேண்டும்; நடுவில் ஒரு படி தவறினால் தண்டு உடைந்து மாற்றப்பட்டிருக்கிறது என்று பொருள். தண்டுகளில் ஒட்டியுள்ள பட்டைகள் ஒரே வகையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். எஃகுத் தண்டில் மேலோட்டமான துருவைத் துடைத்துவிடலாம், ஆனால் நகம் வைத்தால் குழி தட்டுப்படும் துரு, குறிப்பாகத் தலைக்கு மேலுள்ள கருப்பு வளையத்தை ஒட்டி இருந்தால், ஒருநாள் முறிந்துபோகும். கடலோர ஊர்களில் கிடந்த மட்டைகளில் இது சகஜம். கிராஃபைட் தண்டைக் கழுத்துப் பகுதியில் இலேசாக முறுக்கி, வண்ணத்தில் வளையமாக விரிசல் தெரிகிறதா என்று கவனியுங்கள். தலையைக் காதருகே ஆட்டும்போது கலகலவென்று சத்தம் வந்தால் உள்ளே பசைத் துண்டு உதிர்ந்திருக்கலாம், தண்டு தளர்ந்தும் இருக்கலாம்; விலையைக் குறைக்க அது போதுமான காரணம். டிரைவர் தலையின் மேல்பகுதியில் உள்ள கீறல்கள் அழகைக் கெடுக்குமே தவிர ஆட்டத்தைக் கெடுக்காது, ஆகவே கீறல் உள்ளதைத் துணிந்து எடுக்கலாம்.

போலிகளும் சந்தையில் நிறைய உள்ளன. முன்னணி நிறுவனத்தின் இந்த ஆண்டு மாடல், புத்தம் புதிது, பிளாஸ்டிக் உறை பிரிக்காதது, விலை மட்டும் கால்வாசி என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். கழுத்துப் பகுதியில் பொறித்திருக்கும் வரிசை எண்ணை நிறுவனத்திடம் கேட்டு உறுதிசெய்யலாம். டைட்டானியம் முகம் என்று விற்கப்படும் டிரைவரில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். டைட்டானியத்தில் காந்தம் ஒட்டாது, முகத்தில் ஒட்டினால் அது எஃகு.

வாங்கிய பிறகு முதல் செலவு கிரிப்புக்காக இருக்கட்டும். வெயிலில் நிற்கும் காரின் டிக்கியில் கிடந்த ரப்பர் பிடிகள் இறுகிப் பளபளப்பாகிவிடும், வியர்த்த கையில் வழுக்கும். சோப்புத் தண்ணீரும் பழைய பல்துலக்கியும் கொண்டு தேய்த்துப் பார்த்து, சொரசொரப்பு திரும்பாவிட்டால் மாற்றிவிடுங்கள். ஒரு பிடிக்குச் சில நூறு ரூபாய்தான் ஆகும், இருபுறமும் ஒட்டும் நாடாவும் கரைப்பானும் இருந்தால் வீட்டிலேயே மாற்றிக்கொள்ளலாம். சில மாதம் ஆடிய பின், எந்தத் தூரத்தில் கையில் மட்டை இல்லாமல் தவிக்கிறீர்கள் என்பது தெளிவாகத் தெரியும். எட்டாவது மட்டையை அந்தத் தூரத்துக்கு வாங்குங்கள்.