வேலியில் செங்காந்தளா? கிழங்கைக் கவனியுங்கள்

எங்கள் நர்சரிக்கு வருபவர்கள் பூவைப் பார்த்ததும் விலை கேட்பார்கள். நான் முதலில் கேட்பது, "வீட்டில் சின்னப் பிள்ளைகள், ஆடு மாடு இருக்கா?" என்றுதான். மாநில மலர்தான், ஆனால் முழுச்செடியும் விஷம்.

அடையாளத்துக்கு இலை நுனியைப் பாருங்கள். நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகி வேலியைப் பிடித்திருக்கும். பூவில் நெளிநெளியாக ஆறு இதழ்கள், பின்னோக்கி மடிந்திருக்கும். பச்சையில் தொடங்கி மஞ்சளாகி, அடியில் மஞ்சள் தங்க, நுனியிலிருந்து சிவக்கும். காய் வெடித்தால் உள்ளே செம்மணிகள். பிள்ளைகள் கை அங்கேதான் போகும்.

பெரிய ஆபத்து மண்ணுக்குள். கோடையில் கொடி காய்ந்து மறைந்துவிடும், கிழங்கு மட்டும் கிடக்கும். கொத்தும்போது கலப்பை மாதிரி வளைந்து, இரு கிளையாக, மேலே பழுப்பாக, உள்ளே வெள்ளையாக வந்தால் ஒதுக்கி வையுங்கள். சமையல் கிழங்கென்று எடுத்து உயிரிழந்தவர்கள் உண்டு. அதிலுள்ள கோல்சிசின் என்ற நஞ்சு வேகவைத்தாலும் போகாது.

தின்றால் சில மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு. இடையில் தேறியதுபோலத் தெரியும், அதை நம்பாதீர்கள். சிறுநீரகமும் எலும்பு மஜ்ஜையும் அடுத்த நாட்களில் அடிவாங்கும். பிழைத்தவர்களுக்கும் பிறகு முடி கொட்டும். வீட்டு வைத்தியம் பார்க்காமல், வாந்தி எடுக்கவும் வைக்காமல், உடனே 108-ஐ அழையுங்கள். தின்ற கிழங்கின் மிச்சத்தையும் கையோடு கொண்டுபோங்கள்.

வளர்த்தே தீருவேன் என்றால் காய்கறிப் பாத்தியை விட்டுத் தள்ளி, தொட்டியில் வையுங்கள். கையுறை போட்டே தொடுங்கள். காயைப் பிஞ்சிலேயே கிள்ளிவிடுங்கள்.