டிவி கால்பந்து: வர்ணனையாளர் சொதப்பினால் என்ன செய்வது?

டிவியில் கால்பந்து பார்ப்பவர்களுக்குப் பாதி நேரம் எரிச்சல் மூட்டுவது நடுவர் அல்ல, வர்ணனையாளர்தான். கோல் அடித்தவர் பெயரை மாற்றிச் சொல்கிறார், விதியைத் தப்பாக விளக்குகிறார், பந்து வலைக்குள் போகும்போது வேறு ஏதோ கதை பேசிக்கொண்டிருக்கிறார். எல்லாவற்றுக்கும் ஒரே அளவில் கொதித்தால் ஆட்டம் பார்க்கிற சுகம் போய்விடும். முதலில் ரகம் பிரியுங்கள். கண்ணால் வந்த தப்பு என்றால் பெரும்பாலும் விட்டுவிடலாம். விதி தெரியாமல் வந்த தப்பை நீங்களே திருத்திக்கொள்ளலாம். ஓயாத பேச்சுதான் தொல்லை என்றால், அதற்கு ஒலி அமைப்பிலேயே வழி இருக்கிறது.

கண்ணால் வரும் தப்புகள்

பல ஆட்டங்களுக்கு வர்ணனையாளர் மைதானத்துக்கே போவதில்லை. எங்கோ ஒரு ஸ்டுடியோவில் உட்கார்ந்து, நீங்கள் பார்க்கும் அதே படத்தைத்தான் அவரும் பார்க்கிறார். கேமரா திரும்பாத பக்கத்தில் லைன்ஸ்மேன் கொடி தூக்கியிருந்தால் அவருக்கும் தெரியாது. கார்னர் கிக்கின்போது பத்துப் பதினைந்து பேர் முட்டி மோதும் இடத்தில் முதுகு எண் தெரியாது. தலைமுடி, ஷூ நிறம், ஓடுகிற விதம் இவற்றை வைத்துத்தான் பெயர் சொல்கிறார். அதனால் கோல் விழுந்த முதல் சில விநாடிகளில் காதில் விழும் பெயரை நம்ப வேண்டாம், இரண்டாவது ரீப்ளே வரை பொறுங்கள். அதற்குப் பிறகும் அதே தப்பைச் சொல்லிக்கொண்டிருந்தால் குறை சொல்வதில் நியாயம் இருக்கிறது.

ஓன் கோல் விஷயத்திலும் அவசரம் கூடாது. கோலை நோக்கிப் போய்க்கொண்டிருந்த ஷாட் டிஃபெண்டர் மேல் பட்டு உள்ளே போனால் வழக்கமாக அடித்தவர் கணக்கில்தான் சேரும். வெளியே போகவிருந்த பந்தை டிஃபெண்டர் உள்ளே திருப்பினால்தான் ஓன் கோல்.

கோட்டுப் பந்துதான் கண்ணை அதிகம் ஏமாற்றுவது. 2022 உலகக் கோப்பையில் ஸ்பெயினுக்கு எதிராக ஜப்பான் அடித்த இரண்டாவது கோலை நினைத்துப் பாருங்கள். மிதோமா கோல் கோட்டருகே பந்தைத் திருப்பி அனுப்ப, தனாகா உள்ளே தள்ளினார். தரைமட்டக் கோணத்தில் பார்த்தால் பந்துக்கும் கோட்டுக்கும் நடுவே பச்சைப் புல் தெரிந்தது. மேலிருந்து எடுத்த படத்திலோ பந்தின் ஓரம் கோட்டுக்கு மேலே மயிரிழை அளவு நின்றது. முழுப் பந்தும் முழுக் கோட்டையும் தாண்டினால்தான் பந்து வெளியே. பந்தின் குறுக்களவு சுமார் 22 செ.மீ.; அது தரையைத் தொடுவது நடுவில் ஒரு புள்ளியில் மட்டுமே. எனவே தொடும் புள்ளி கோட்டின் வெளி விளிம்புக்கு அப்பால் கிட்டத்தட்ட 11 செ.மீ. தள்ளி இருந்தாலும் பந்து ஆட்டத்தில்தான் இருக்கிறது. பக்கவாட்டுக் கேமராவை வைத்து அடித்துப் பேசும் வர்ணனையாளரை அப்போதைக்குக் காதில் வாங்காதீர்கள்.

விதியில் வரும் தப்புகள்

இவைதான் உண்மையில் கோபப்பட வேண்டியவை. கேட்டுக் கேட்டு ரசிகர்களும் அதையே விதி என்று நம்பிவிடுகிறார்கள். மொத்தம் 17 விதிகள். அவற்றை வகுக்கும் ஐ.எஃப்.ஏ.பி. அமைப்பின் இணையதளத்திலும் செயலியிலும் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றங்கள் வழக்கமாக ஜூலை 1 முதல் அமலுக்கு வரும். சீசன் தொடங்குமுன் மாற்றங்கள் பகுதியை மட்டும் படித்தாலே பாதி வர்ணனையாளர்களைவிட முன்னால் இருப்பீர்கள்.

ஆஃப்சைடில், அதாவது பாஸ் வரும்போது தாக்கும் வீரர் எதிரணிக் கோலுக்கு அளவு மீறி நெருங்கி நிற்கும் தப்பில், “கடைசி டிஃபெண்டர்” என்று சொல்வது தவறான கணக்கு. எதிரணியில் கடைசியிலிருந்து இரண்டாவது ஆளைத்தான் பார்க்க வேண்டும். கோல்கீப்பரும் அந்தக் கணக்கில் உண்டு. அவர் முன்னேறி வந்துவிட்டால் பின்னால் ஒரே ஒரு டிஃபெண்டர் நிற்பது போதாது. நிற்கும் இடத்தை அளக்கும்போது யாருடைய கையும் கணக்கில் வராது. த்ரோ-இன், கோல் கிக், கார்னர் ஆகியவற்றிலிருந்து நேராகப் பந்து பெற்றால் ஆஃப்சைடே கிடையாது. படத்தை நிறுத்திக் காட்டும்போது ஓடுகிறவரைப் பார்க்காமல் பாஸ் கொடுப்பவரின் காலைப் பாருங்கள். பந்தை முதலில் தொட்ட கணம்தான் கணக்கு. கால் பந்தை விட்டு விலகிய ஃபிரேமில் நிறுத்தியிருந்தால் திரையில் வரைந்து காட்டும் ஆஃப்சைடு கோட்டுக்கு மதிப்பில்லை.

2008 யூரோ கோப்பையில் நெதர்லாந்து-இத்தாலி ஆட்டம் இதற்கு நல்ல பாடம். நெதர்லாந்தின் வான் நிஸ்டல்ரூய் அடித்த கோலை ஆஃப்சைடு என்று பலரும் கொதித்தார்கள். ஆனால் இத்தாலியின் பனூச்சி தன் கோல்கீப்பரோடு மோதி, கோல் கோட்டுக்கு வெளியே விழுந்து கிடந்தார். நடுவர் அனுமதியின்றி வெளியே போன டிஃபெண்டர், ஆஃப்சைடு கணக்கில் கோட்டின் மேல் இருப்பவராகவே கருதப்படுவார். கோல் சரிதான் என்று ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமே விளக்கம் கொடுத்தது.

“பந்தைத் தொட்டுவிட்டார், அப்புறம் என்ன ஃபவுல்?” என்பது அடுத்தது. பந்தைத் தொட்டால் தப்பில்லை என்று விதியில் எங்கும் இல்லை. கவனமின்மை என்றால் ஃபவுல் மட்டும். எதிராளிக்கு என்ன ஆகும் என்று பாராமல் பாய்ந்தால் மஞ்சள் அட்டை. அளவு மீறிய பலம் என்றால் சிவப்பு. “மேலே படவே இல்லை” என்பதும் நிற்காது, உதைக்க முயல்வதும் ஃபவுல்தான்.

அதேபோல் “கடைசி ஆள், சிவப்பு அட்டை” என்றும் விதி கிடையாது. கோல் வரை உள்ள தூரம், ஆட்டம் போகும் திசை, பந்தைக் கட்டுக்குள் கொண்டுவரும் வாய்ப்பு, மற்ற டிஃபெண்டர்கள் எத்தனை பேர், எங்கே என்ற நான்கையும் வைத்து, தெளிவான கோல் வாய்ப்பு பறிபோனதா என்று நடுவர் பார்க்கிறார். பெனால்டி ஏரியாவுக்குள் பந்துக்காகவே முயன்று ஃபவுல் ஆகியிருந்தால் பெனால்டியோடு மஞ்சள்தான். இது 2016-லேயே வந்துவிட்டது.

பழைய விதியை இன்னும் பிடித்துத் தொங்குவது தனி ரகம். கோல்கீப்பர் பந்தைக் கையில் வைத்திருக்க 6 விநாடி என்று யாராவது சொன்னால், 2025 ஜூலை முதல் அது 8 விநாடி, மீறினால் எதிரணிக்குக் கார்னர். ஐரோப்பியக் கிளப் போட்டிகளில் வெளியூர் கோலுக்குக் கூடுதல் மதிப்பு 2021-22 முதல் இல்லை. பலகையில் காட்டும் கூடுதல் நேரம் குறைந்தபட்சம்தான். நடுவர் அதைக் கூட்டலாம், குறைக்க முடியாது.

பேச்சே தொல்லை என்றால்

முதலில் டிவியின் ஒலி அமைப்பில் ‘தெளிவான குரல்’, ‘வசனம் கூட்டு’ போன்ற வசதி இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால் அணைத்துவிடுங்கள், கூட்டத்தின் ஆரவாரத்தை அமுக்கி வர்ணனையைத் தூக்கிக் கொடுப்பதே அதன் வேலை. பிறகு செயலியின் ஆடியோ மெனுவைத் திறங்கள். வேறு மொழி வர்ணனையோ, மைதானச் சத்தம் மட்டும் உள்ள தடமோ சில ஒளிபரப்புகளில் இருக்கும்.

உண்மையான 5.1 ஒலி (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) வந்தால் இன்னொரு வழி உண்டு. வர்ணனை பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில் வரும், கூட்டத்தின் சத்தம் மற்றவற்றில் பரவும். ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பிரித்து அனுப்பும் ரிசீவரில் நடு ஸ்பீக்கரின் அளவை முடிந்தவரை இறக்குங்கள். பல கருவிகளில் −10 அல்லது −12 டெசிபல் வரை போகும். இங்கே பலர் செய்யும் தவறு, நடு ஸ்பீக்கர் ‘இல்லை’ என்று அமைப்பது. அப்படிச் செய்தால் ரிசீவர் அந்தக் குரலை இடது வலது ஸ்பீக்கர்களுக்குப் பிரித்து அனுப்பிவிடும், வர்ணனை போகவே போகாது. ‘இருக்கிறது’ என்றே வைத்துக்கொண்டு அளவைக் குறையுங்கள், அல்லது கருவியை அணைத்துவிட்டு அந்த ஸ்பீக்கரின் வயரைக் கழற்றுங்கள்.

ஸ்டீரியோ மட்டும் என்றால், கணினியில் வி.எல்.சி. வீடியோ பிளேயர் மூலம் பார்ப்பவர்கள் மேம்பட்ட அமைப்பில் ஆடியோ ஃபில்டர்களுக்குள் இருக்கும் கரோக்கி ஃபில்டரைப் போட்டுப் பார்க்கலாம். இரு பக்கமும் சமமாக வரும் குரல் குறையும். கூடவே பந்தை உதைக்கும் ‘தொம்’ சத்தமும் மெலிந்துவிடும். ஒலி மோனோவாக, அதாவது இரு பக்கமும் ஒரே ஒலியாக இருந்தால் எல்லாமே காணாமல் போகும்.

டிவியை ஊமையாக்கிவிட்டு வானொலி வர்ணனை கேட்பது பழைய வழி, நல்ல வழியும்கூட. சிக்கல் நேர இடைவெளிதான். சாதாரண வானொலி பெரும்பாலும் டிவியை முந்தும். இணையச் செயலியில் ஆட்டம் பார்த்தால் படம் பல விநாடிகள் பின்தங்கும். சேர்ப்பது இப்படி:

1. ஆட்டத்துக்கு 10 நிமிடம் முன்பே இரண்டையும் ஓடவிடுங்கள். எது முந்துகிறது என்று பாருங்கள்.
2. முந்துவதுதான் நிற்க வேண்டும். வானொலி முந்தினால், இடைநிறுத்த வசதியுள்ள செயலியில் கேளுங்கள். மறுபடி இயக்கும்போது நேரலைக்குத் தாவும் செயலி இதற்கு உதவாது, முன்பே சோதித்துவிடுங்கள்.
3. தொடக்க விசில் வானொலியில் கேட்டதும் நிறுத்துங்கள். திரையில் பந்து நகர்ந்த கணத்தில் இயக்குங்கள்.
4. படம் முந்தினால் அதே வேலையைப் படத்துக்குச் செய்யுங்கள்.
5. இடைவேளைக்குப் பிறகு இரண்டையும் மறுபடி சேர்த்துவிடுங்கள். படம் நடுவில் சுற்றிச் சுற்றி நின்றிருந்தாலும் அப்படியே.

அரை விநாடி வித்தியாசம் உறுத்தாது. மிச்சம் இருந்தால் வானொலி பின்னால் இருக்கட்டும். முன்னால் இருந்தால் கோல் காதில் விழுந்த பிறகுதான் கண்ணுக்கு வரும். ஃபோனில் ஸ்கோர் அறிவிப்பை அணைக்க மறந்தால் இவ்வளவு பாடும் வீண்.

புகார் எழுதும்போது

“உங்கள் வர்ணனை மோசம்” என்று எழுதினால் யாரும் எதுவும் செய்ய முடியாது. ஆட்டம், சேனல் அல்லது செயலி, வர்ணனை மொழி, திரைக் கடிகாரத்தில் நிமிடமும் விநாடியும், சொன்னது என்ன, சரியானது என்ன, எந்த எண் விதி: இவ்வளவும் நாலு வரியில் அடங்கும். ஒரு கடிதத்துக்கு ஒரு தப்பு. ஒளிபரப்பு நிறுவனத்தின் புகார்ப் பிரிவுக்கு அனுப்புங்கள், வர்ணனையாளரின் சொந்தக் கணக்கில் போய்த் திட்ட வேண்டாம்.

ஒருதலைப்பட்சம் என்ற புகாரை மட்டும் ஒரு நாள் ஆறவிடுங்கள். ஒரே வர்ணனையாளரை இரு அணி ரசிகர்களும் எதிரணி ஆள் என்று சொல்வது சர்வ சாதாரணம். எழுதியே தீர வேண்டுமென்றால், ஒரே மாதிரி ஃபவுல் இரு பக்கமும் நடந்த இடங்களில் அவர் என்ன சொன்னார் என்று நேரத்தோடு பட்டியலிடுங்கள்.

பெயர் உச்சரிப்புக்கு ஆட்டம் முடிந்த பின் எழுதிப் பயனில்லை. வர்ணனையாளர்கள் குறிப்பேடு தயாரிப்பது ஆட்டத்துக்கு முந்தைய நாட்களில். வீரர் தன் பெயரைத் தானே சொல்லும் வீடியோ இருந்தால், அதன் இணைப்பையும் எந்த விநாடியில் சொல்கிறார் என்பதையும் அப்போதே அனுப்பிவிடுங்கள்.