ஒரு சொல்லின் குறிப்புப் பொருளைச் சோதிப்பது எப்படி?

சில ஆண்டுகளுக்கு முன் பணி நிறைவு விழா மலர் ஒன்றில், ஓய்வுபெறும் கணக்காளர் ஒருவரைப் பற்றி ‘கறாரானவர்’ என்று பாராட்டாகவே எழுதினேன். மலரைப் படித்த அவருடைய மகள், “அப்பா யாருக்கும் இரங்காதவர் என்பது போலப் படுகிறதே” என்று வருந்தினார். அவர் சொன்னது சரி. கண்டிப்பு என்னும் பொருளில் பிழையில்லை. ஆனால் அந்தச் சொல் நம் பேச்சில் வட்டி, வசூல், பேரம் ஆகியவற்றோடு புழங்கிப் பழகியது. ‘கணக்கில் பிசகாதவர்’ என்று நான் எழுதியிருக்க வேண்டும்.

சொல்லின் பொருள் வெளிப்படையாக நிற்பது, குறிப்பால் தோன்றுவது என இருவகைப்படும் என்று தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் வகுத்துச் சொல்கிறது. முதல் வகையை அகராதி தந்துவிடும். இரண்டாவதைப் பெரும்பாலும் எழுதுகிறவரே தேடிக்கொள்ள வேண்டும். அதற்கு எளிய வழி, ஐயம் தரும் சொல்லை வைத்து, மக்கள் இயல்பாகப் பேசும் நான்கைந்து வாக்கியங்களை எழுதிப் பார்த்து, அது எந்தச் சொற்களோடு கூடி வருகிறது என்று கவனிப்பதாகும். ‘கும்பல்’ என்று எழுதத் தொடங்கினால் கொள்ளையும் தாக்குதலும் தாமாகவே வந்து சேரும். ஆகவே, மனுக் கொடுக்க வந்த விவசாயிகளைக் கும்பல் என்று எழுதுகிறவர், தாம் அறியாமலேயே அவர்களைக் குற்றவாளிகளின் வரிசையில் நிறுத்திவிடுகிறார். கூட்டம் என்றால் எண்ணிக்கை மட்டுமே தெரியும். திரண்டார்கள் என்றால் அவர்களுக்கு ஒரு நோக்கம் இருந்ததும் தெரியும்.

அடுத்த சோதனை, ஒரே வாக்கியத்தில் சொல்லை மட்டும் மாற்றிப் போட்டுப் படிப்பது. இறப்பைக் குறிக்கும் சொற்களில் இதைச் செய்து பார்த்தால் வேறுபாடு உடனே புலப்படும். ‘காலமானார்’ என்பது வாழ்ந்து முடித்தவருக்குரிய சொல்லாதலால் குழந்தைக்குப் பொருந்தாது. ‘மறைந்தார்’ என்றால் பலர் அறிந்தவர் என்று தோன்றும். ‘இறைவனடி சேர்ந்தார்’, ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’, ‘வஃபாத்தானார்’, ‘இயற்கை எய்தினார்’ ஆகியவை இறந்தவரின் சமயத்தையோ சமய மறுப்பையோ சேர்த்தே அறிவிப்பதால், வாழ்நாளெல்லாம் கடவுளை மறுத்தவரின் அஞ்சலிச் சுவரொட்டியில் முதல் தொடரை அச்சிடுவது அவருக்குச் செய்யும் அநீதி. ‘செத்துப்போனார்’ என்பது பிறர் வாயில் அலட்சியமாக ஒலிக்கும். ஆனால், “எங்கம்மா செத்து மூணு வருசமாச்சு” என்று மகனே சொல்லும்போது அதில் அலட்சியம் துளியும் இல்லை. யார் சொல்கிறார் என்பதும் பொருளின் ஒரு பகுதியே.

செய்தித் தலைப்புகளில் வரும் ‘பலி’ என்ற சொல்லையும் இவ்வாறே எடைபோட வேண்டும். இடம் குறைவு என்பதால் அது விரும்பப்படுகிறது. எனினும் தெய்வத்துக்குக் கொடுக்கும் காணிக்கையைக் குறித்த சொல் அது. சாலை விபத்துக்கு ‘உயிரிழந்தனர்’ என்பதே என் தேர்வு. ஆனால் துப்பாக்கிச் சூட்டில் இறந்தவர்களுக்கும் அதையே எழுதினால் சுட்ட கை மறைந்துவிடுகிறது. அங்கே ‘கொல்லப்பட்டனர்’ என்பதுதான் நேர்மையான சொல். மென்மையான சொல் எல்லா இடத்திலும் நல்ல சொல்லாகிவிடாது. மங்கலம், இடக்கரடக்கல் என்று நன்னூல் தகுதி வழக்கில் சேர்ப்பவை உண்மையை மறைப்பதற்கானவை அல்ல. கேட்பவர் மனம் நோகாமலும் கூசாமலும் இருக்க அதே உண்மையை வேறு சொல்லால் சொல்பவை. விளக்கை ‘அணை’ என்னாமல் ‘குளிரவை’ என்றாலும் விளக்கு அணையத்தான் போகிறது.

பழைய நூல்களிலிருந்து சொல்லெடுப்பவர்கள் காலத்தையும் பார்க்க வேண்டும். ஆண்டாள் பாசுரத்தில் ‘நாறுதல்’ நறுமணம் வீசுவது. தொல்காப்பியத்தில் ‘கிழவன்’ உரிமையுடைய தலைவன். பத்தாம் நூற்றாண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டில் ‘சேரி’ என்பது பிராமணர் வாழ்ந்த ஊரின் ஒரு பகுதி. இன்று இந்த மூன்றையும் அந்தப் பொருளில் எழுதிவிட்டு அடிக்குறிப்பில் விளக்கம் தருவதால் பயனில்லை, ஏனெனில் காயம் முதலில் பட்டுவிடும்.

இடமும் அப்படியே. யாழ்ப்பாணத்தில் ‘பெட்டை’ என்பது வீட்டில் இயல்பாகப் புழங்கும் சொல்; தமிழ்நாட்டில் அது விலங்குக்குரியது, பெண்ணைச் சொன்னால் வசை. இரு கரையிலும் படிக்கப்படும் எழுத்தானால் மறுகரையைச் சேர்ந்த ஒருவரிடம் படிக்கக் கொடுப்பது நல்லது.

மக்களைக் குறிக்கும் பெயர்களில் மட்டும் நம் காதை நம்பக் கூடாது. அவர்கள் தம்மை எப்படி அழைத்துக்கொள்கிறார்கள் என்று கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் 2008இல் திருநங்கையருக்கென நல வாரியம் அமைந்து, ‘திருநங்கை’ என்ற சொல் அரசு ஆவணங்களிலும் செய்திகளிலும் நிலைபெற்றபோது, அதுவரை கேலிக்கே பயன்பட்டுவந்த பெயர்களை எழுத்தில் தவிர்க்க ஒரு வழி கிடைத்தது.

எல்லாம் முடிந்த பிறகு, யாரைப் பற்றி எழுதினோமோ அவர் எதிரே அமர்ந்திருப்பதாக எண்ணி முழுவதையும் வாய்விட்டுப் படியுங்கள். குரல் எந்தச் சொல்லில் தயங்குகிறதோ அதை அடிக்கோடிட்டு, அச்சுக்கு அனுப்பும் முன் அவர் வீட்டாரில் ஒருவரிடம் அந்த வரியைக் காட்டுங்கள்.