வாசல் விளக்குக்கு வரும் அந்துப்பூச்சியை உலக ஆய்வில் சேர்ப்பது எப்படி?

எங்கள் வால்பாறைப் பக்கம் அந்துப்பூச்சிகளைப் படமெடுப்பவர்கள் நிறையப் பேர். ஆனால் அந்தப் படங்கள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு நாள் இருந்துவிட்டுக் காணாமல் போய்விடுகின்றன. அவற்றையே உயிரினப் படங்களைப் பதிவேற்றிப் பெயர் கேட்கும் ஐநேச்சுரலிஸ்ட் (iNaturalist) தளத்தில் முறையாகப் போட்டால், வேறு நாட்டில் இருக்கும் ஆய்வாளர் பார்த்து என்ன இனம் என்று சொல்வார்.

வெளிநாட்டுக்காரர் எதற்கு என்று கேட்கலாம். நீலகிரியில் தேயிலைத் தோட்டக்காரராக இருந்த ஜார்ஜ் ஹாம்ப்சன், நம் மலை அந்துப்பூச்சிகள் பலவற்றுக்குப் பெயர் வைத்தவர். 1892 முதல் 1896 வரை இந்திய அந்துப்பூச்சிகள் பற்றி நான்கு தொகுதிகள் எழுதினார். பாடம் செய்து வைத்த பழைய பூச்சி மாதிரிகள் பல லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஒரு பெயரில் சந்தேகம் வந்தால் அங்கே யாராவது பெட்டியைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

ஆள்பலமும் வேண்டும். பனாமாவின் சான் லொரென்சோ மழைக்காட்டில் 2003, 2004-ல் பல நாட்டு ஆய்வாளர்கள் கூடித் தரையிலிருந்து மர உச்சி வரை பூச்சி சேகரித்தார்கள். அரை ஹெக்டேர்கூட இல்லாத பரப்பில் பூச்சி, சிலந்தி போன்ற கணுக்காலிகளில் 6,144 இனங்கள்! நூறு பேருக்கு மேல் உழைத்தும், பிரித்து இனம் கண்டு முடிவை வெளியிட 2012 ஆகிவிட்டது.

சரி, நம் வேலைக்கு வருவோம். வெள்ளைப் பருத்தி வேட்டி ஒன்று போதும். கொடிக்கயிற்றில் கிளிப் போட்டு விரித்து, கீழ் விளிம்பைத் தரையில் கொஞ்சம் படர விடுங்கள். பல பூச்சிகள் அங்கேதான் வந்து உட்காரும். துணிக்கு முன்னே வைக்கப் புற ஊதா விளக்கு நல்லது, ஆனால் அதை நேராகப் பார்க்காதீர்கள். அமாவாசையை ஒட்டிய, காற்றில்லாத, புழுக்கமான இரவுதான் எனக்குப் பிடித்தது. உலகெங்கும் அந்துப்பூச்சி வாரம் கொண்டாடுவது ஜூலை கடைசியில். இங்கே அப்போது மழை கொட்டும், அதனால் தாழ்வாரத்திலேயே கட்டிவிடுங்கள். யானையும் சிறுத்தையும் நடமாடும் ஊர் இது. இருட்டில் வீட்டை விட்டு இறங்க வேண்டாம். காட்டுக்குள் விளக்கு வைக்க வனத்துறை அனுமதி வேண்டும்.

படம் எடுக்கும்போது இறக்கை முழுதாகத் தெரிய மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, அளவு தெரிய ஸ்கேல் வைத்து ஒன்று. பருந்து அந்துப்பூச்சி முன்னிறக்கையால் பின்னிறக்கையை மூடிக்கொண்டு உட்காரும். இனம் பிரிக்கப் பல நேரம் பின்னிறக்கையின் நிறம்தான் தேவை. அதைத் தொட்டு விரிக்காதீர்கள், செதில் உதிரும். பறக்கும் முன் உடம்பைச் சூடேற்ற அது இறக்கைகளை நடுக்கும். அப்போது அந்த நிறம் வெளியே தெரியும். கேமராவைத் தயாராக வைத்துக் காத்திருங்கள். விடியும் முன் விளக்கை அணைத்துத் துணியை மெதுவாக உதறிவிடுங்கள். இல்லையென்றால் காலையில் சின்னான்கள் வந்து எல்லாவற்றையும் கொத்திவிடும்.

பதிவேற்றும்போது ஒரு பூச்சிக்கு ஒரு பதிவு. அதன் எல்லாப் படங்களும் அதற்குள்ளேயே. வாட்ஸ்அப்பில் வந்த படத்தைப் போடாதீர்கள், தேதியும் இடமும் அதிலிருந்து போயிருக்கும். கடல் மட்டத்திலிருந்து உயரம், பக்கத்தில் என்ன காடு, என்ன விளக்கு என்று குறிப்பில் எழுதுங்கள். தொலைவில் இருப்பவருக்கு இந்த இரண்டு வரி பெரிய உதவி. உரிமத்தில் 'எல்லா உரிமைகளும் எனக்கே' என்று வைத்தால் உலகெங்கும் உள்ள உயிரினப் பதிவுகளைத் திரட்டி ஆய்வாளர்களுக்குத் தரும், கோபன்ஹேகனில் இருந்து இயங்கும் ஜிபிஃப் (GBIF) தரவுத்தளத்துக்கு அந்தப் பதிவு போகாது. வணிகமல்லாத பயன்பாட்டுக்கு அனுமதி கொடுங்கள்.

அப்புறம், நான் எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்பது ஒன்று உண்டு. நிபுணர் பெயர் சொன்னதும் நன்றி என்று நினைத்து 'ஒப்புக்கொள்கிறேன்' பொத்தானை அழுத்தாதீர்கள். அது இரண்டாவது ஓட்டாகக் கணக்காகி, இன்னொருவர் சரிபார்க்காத பெயர் 'ஆய்வுத் தரம்', அதாவது ஆய்வுக்கு நம்பத்தக்க பதிவு, என்று மாறிவிடும். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேளுங்கள், பெரும்பாலும் விளக்குவார்கள். புரிந்த பிறகு அழுத்துங்கள். இனப் பெயர் வரை போகாமல், அதற்கு மேலுள்ள பேரினத்தோடு நின்றுபோன பதிவையும் அழிக்க வேண்டாம். சில இனங்களை இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்த்தால்தான் பிரிக்க முடியும்.

அதற்காகச் செத்த பூச்சியை அனுப்பச் சொல்லி வெளிநாட்டிலிருந்து யாராவது கேட்டால் கூரியரில் போட்டுவிடாதீர்கள். 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டப்படி வெளிநாட்டவர் நம் உயிரினங்களை ஆய்வுக்குப் பெற, சென்னை தரமணியில் உள்ள தேசிய உயிரியல் பன்மை ஆணையத்தின் அனுமதி தேவை. 2008-ல் டார்ஜிலிங் பக்கம் சிங்கலிலாவில் பூச்சி பிடித்த இரண்டு செக் நாட்டவர் கைதானார்கள். கேட்பவரை இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் சென்னை மையத்துக்கு எழுதச் சொல்லுங்கள். கூட்டு ஆய்வுக்கு வழி அங்கே இருக்கிறது.