சிவப்புத் தாளில் 'இரட்டை மகிழ்ச்சி' வெட்டலாம் வாங்க

சீனக் கல்யாண வீட்டில் கதவு, ஜன்னல், சீர்ப்பொருள் என எங்கே பார்த்தாலும் ஒரே சிவப்பு எழுத்து ஒட்டியிருக்கும். மகிழ்ச்சியைக் குறிக்கும் எழுத்து இரண்டு, கைகோத்தபடி நிற்கும் வடிவம் அது. 2009-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த சீனத் தாள்வெட்டுக் கலையைப் பழக நினைப்பவர்கள் இதிலிருந்தே தொடங்கலாம்.

15 செ.மீ. சதுரத்தில் மெல்லிய சிவப்புத் தாளும், நுனி கூரான சின்னக் கத்தரிக்கோலும் போதும். சிவப்பு மங்கல நிறம். வெள்ளைத் தாளில் வெட்டாதீர்கள். சீனர்களுக்கு அது துக்கத்தின் நிறம்.

தாளை இடமிருந்து வலமாகப் பாதியாக மடியுங்கள். அதே திசையில் இன்னொரு முறை மடித்தால் நாலு அடுக்குப் பட்டை கிடைக்கும். இரண்டு மடிப்புகள் மட்டும் தெரியும் ஓரத்தை இடப்பக்கம் வையுங்கள். எழுத்தின் நடுக்கோடு அதுதான். வலது ஓரத்தில் ஒரு மடிப்போடு தாளின் விளிம்புகளும் இருக்கும்.

இனி பென்சிலால் பாதி எழுத்தை வரையுங்கள். இடது மடிப்பை ஒட்டி மேலிருந்து ஒரு தண்டு. அதிலிருந்து வலது ஓரம்வரை ஒரு நீளக் கோடு, அதன்கீழ் ஒரு குட்டைக் கோடு. தண்டு இறங்கி முடியும் இடத்தில் அரைப் பெட்டி. பெட்டிக்குக் கீழே, மடிப்பிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு சின்னக் கால். அது நிற்பதற்கு மறுபடி வலது ஓரம்வரை நீளக் கோடு. அப்புறம் ஒரு குட்டித் தண்டு, அதன்கீழ் இன்னோர் அரைப் பெட்டி. எந்தக் கோடும் அரை செ.மீ.-க்குக் குறைய வேண்டாம்.

முதலில் இடது மடிப்புப் பக்கமிருந்து பெட்டிகளின் உள்பகுதியையும், காலுக்கும் மடிப்புக்கும் நடுவில் உள்ள இடத்தையும் வெட்டி எடுங்கள். பிறகு வலப்பக்கத்து இடைவெளிகள். கத்தரிக்கோலைத் திருப்பாமல் தாளைத் திருப்பினால் வளைவு பிசிறாது.

ஒன்றே ஒன்றில் மட்டும் மிகக் கவனம்: இரண்டு நீளக் கோடுகளும் வலது ஓரத்தைத் தொடும் இடத்தில் கத்தரி படவே கூடாது. இரு எழுத்துகளும் கைகோப்பது அங்கேதான். அதை வெட்டிவிட்டால் இரண்டு தனித்தனி எழுத்துகள்தான் மிஞ்சும். கல்யாணத்துக்கான பொருளே போய்விடும்.

மெதுவாகப் பிரித்து, கனமான புத்தகத்துக்கு அடியில் ஒரு ராத்திரி வையுங்கள். ஒட்டும்போது முழுக்கப் பசை தடவாமல் அங்கங்கே பொட்டு வைத்தால் போதும்.

கை பழகியதும் சுற்றிலும் உருவங்கள் சேர்க்கலாம். கல்யாணத்துக்கு விதை தெரியப் பிளந்த மாதுளை, நிறையக் குழந்தைகள் பிறக்கட்டும் என்று. புத்தாண்டு ஜன்னலுக்கு மீன், வருஷம் முழுக்க மிச்சம் இருக்கட்டும் என்று; சீன மொழியில் மீனுக்கும் மிச்சத்துக்கும் ஒரே உச்சரிப்பு.